வாயில்லா ஜீவனும் வறியவன் தருமமும்

தருமம் செய்வதற்குச் செல்வம் வேண்டும் என்று உலகத்தார் பொதுவாக எண்ணுகின்றனர். உள்ளவன் கொடுக்கிறான், இல்லாதவன் வாங்குகிறான். ஆகவே தருமம் உள்ளவனுடைய காரியம் என்பது பலருடைய முடிபு. ஆனால் இல்லாதவன் வீட்டு முற்றத்திலும் தருமம் ஒரு நாள் வந்து நின்று விடை கேட்கும். அது பல வேளைகளில் ஒரு வாயில்லா ஜீவனின் வடிவிலே வந்து நிற்கிறது.

புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவு போன்ற ஒரு கரையோரக் கிராமத்திலே நாயில்லாத வீட்டைக் காண்பது அருமை. களப்புக்குத் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரும் வரை வீட்டுக்குக் காவல் அதுவே. இரவிலே வளவுக்குள் எது நுழைந்தாலும் முதலிற் குரைத்து எழுப்புவதும் அதுவே. சோறு மிஞ்சினால் உண்ணும். மிஞ்சாவிட்டால் பேசாமற் சுருண்டு படுத்துக்கொள்ளும். அத்தகைய ஜீவன் ஒரு நாட் காலையில் எழும்பாமற் கிடக்கிறது. தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது, சத்தி எடுக்கிறது, இரத்தம் கலந்து வயிற்றாற் போகிறது. நகருக்குக் கொண்டுபோக ஓட்டோக் கூலி வேண்டும். ஊசிக்கும் சேலைனுக்கும் காசு வேண்டும். அதுவும் ஒரு நாளோடு முடியும் வைத்தியமன்று. வீட்டிலோ சோளகக் காற்றுக் காலம், கடற்றொழில் இல்லை, கடைக் கொப்பியில் ஏற்கனவே கடன், மூத்த பிள்ளையின் ரியூசன் காசு இரண்டு மாதமாகக் கொடுபடவில்லை. இந்த நிலையில் அவ்வீட்டுத் தகப்பன் எதைச் செய்வது தருமம்? அதுவே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வினாவுக்கு ஊரிலே இரண்டு விடைகள் உடனே கிடைக்கும். "நாய்தானே, செத்தால் இன்னொரு குட்டி எடுக்கலாம்" என்பது ஒன்று. "நகையை ஈடு வைத்தென்றாலும் காப்பாற்றாவிட்டாற் பாவம்" என்பது மற்றது. இரண்டும் எளிய விடைகள், சொல்பவருக்குச் செலவில்லாதவை.

முதலாவது விடையைச் சைவம் ஏற்காது. சைவ சித்தாந்தம் உயிரைப் பசு என்று கூறுகிறது. மனிதனும் பசு, மனிதனுடைய காலடியிற் படுத்திருக்கும் நாயும் பசு. உடம்பு வேறு, அறிவு விளங்கும் அளவு வேறு. ஆணவ மலத்தாற் கட்டுண்டு இறைவன் அருளை நோக்கி நிற்கும் உயிர் என்ற வகையில் வேற்றுமை இல்லை. தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சொக்கநாதப் பெருமானே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார் என்று திருவிளையாடற் புராணத்திலே பரஞ்சோதி முனிவர் ஒரு படலமே பாடியுள்ளார். வைரவப் பெருமானுக்கு நாயே வாகனம். ஆகவே நோயுற்றுக் கிடப்பது "வெறும் நாய்" என்று கூறி எழுந்து போக அடியாருக்கு உரிமை இல்லை.

இரண்டாவது விடையும் முழுமையானதன்று. இல்லறத்தானுடைய கடமைகளுக்கு ஒரு வரிசை உண்டு. பிள்ளையின் சோற்றையும் முதிய தாயின் பிரஷர்க் குளிசையையும் நிறுத்தி நாய்க்கு மருந்து வாங்குவது தருமமாகாது; அவர்களுக்கும் அவனே துணை. தாலிக்கொடியை ஈடு வைத்து வட்டியிலே மூழ்கும் குடும்பம் அடுத்த வருடம் எந்த உயிரையும் காக்கும் நிலையில் இராது. இயலாததைச் செய்யவில்லை என்பதற்காக ஒருவன் பாவியாவதில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது விடையொன்றும் மெதுவாகச் சொல்லப்படுவதுண்டு: "அதன் கன்மம், அது அனுபவிக்கிறது." கன்மக் கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள ஒருவனுக்குக் கொடுக்கப்பட்ட ஊன்றுகோல். பிறர் துன்பத்தைக் கண்டும் காணாமற் போவதற்கு அதைப் பயன்படுத்துவது தகாது. அந்த நாய்க்கு நோய் வந்தது அதன் வினையென்றால், அதன் முன்னே ஒரு மனிதன் நிற்கும்படி நேர்ந்தது அவனுடைய வினை. அவன் அப்போது என்ன செய்கிறானோ அது அவனுடைய கணக்கிலே எழுதப்படும்.

அவ்வாறாயின் காசில்லாதவன் செய்யக்கூடியது யாது? மகாபாரதத்தின் பதினேழாம் பருவமாகிய மகாப்பிரஸ்தானிக பருவம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் நாட்டைத் துறந்து வடக்கு நோக்கிப் போகிறார்கள். ஒரு நாய் பின்தொடர்கிறது. வழியிலே ஒவ்வொருவராய் விழ, தருமபுத்திரரும் அந்த நாயும் மாத்திரம் எஞ்சுகின்றனர். இந்திரன் தேரோடு வந்து, ஏறும்படியும் நாயை விட்டுவிடும்படியும் கூறுகிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் வேண்டாமென்று தருமபுத்திரர் மறுக்கிறார். நாயாக வந்தது தருமதேவனே என்பது பின்னரே தெரிகிறது.

இக்கதையிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த நேரத்திலே தருமபுத்திரரிடம் அரசு இல்லை, பொருள் இல்லை, படை இல்லை, உணவுமில்லை. அந்த நாய்க்குக் கொடுக்க அவரிடம் எதுவுமே இருக்கவில்லை. அவர் கொடுத்தது ஒன்றே: விட்டுப் போகாமை. அதைக் கொடுக்கப் பணம் வேண்டியதில்லை. பரம ஏழையும் கொடுக்கலாம். ஆகவே எந்த ஏழைக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை.

ஆலயங்களிலே காணப்படும் ஒரு வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். நோயுற்ற நாயையும், கண் திறக்காத குட்டிகளையும், சொறி பிடித்த பூனையையும் உரப்பையிலே கொண்டுவந்து கோயில் வீதியில் விட்டுப் போகிறவர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். "சாமி பார்த்துக்கொள்ளும், அன்னதானச் சோறு கிடைக்கும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் கொடியவர்களல்லர், பலர் கண்ணீரோடுதான் திரும்புகிறார்கள். ஆயினும் தருமபுத்திரர் சுவர்க்க வாசலிலே நின்று நாயை விட மறுத்தார். இவர்களோ சுவாமியின் வாசலுக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். நோயிலே எரியும் ஜீவனுக்குத் தெரிந்த முகமும் தெரிந்த மணமுமே எஞ்சிய மருந்து. அதையும் பறித்த பின் அன்னதானச் சோறு அதற்கு எதற்கு?

விட்டுப் போகாமை என்பது சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் அன்று. கி.மு. 2 ஆம் நூற்றாண்டிலே அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் ஆராய்ச்சி மணி கட்டியிருந்ததையும், தன் மகனுடைய தேரிலே கன்றை இழந்த பசு அம்மணியை அடித்து நீதி பெற்றதையும் மகாவம்சம் சொல்கிறது. திருவாரூர் மனுநீதிச் சோழன் வரலாறாகப் பெரியபுராணமும் அத்தகையதொரு செய்தியைக் கூறுகிறது. வீட்டு ஜீவனுக்கு அடிக்க மணி இல்லை. சாப்பாட்டை மறுப்பதும், மூலையிலே ஒதுங்குவதும், மூக்கு வரண்டு கண் மங்குவதுமே அது அடிக்கும் மணி. முதல் நாளிலே அதைக் கேட்பவனுக்குச் செலவு குறைவு. நான்காம் நாளிலே கேட்பவனுக்குச் செலவும் கூட, நம்பிக்கையும் குறைவு.

உதாரணமாக, 1978 ஆம் ஆண்டிலே உலகில் இனங்காணப்பட்ட பார்வோ வைரஸ் நோய் பெரும்பாலும் குட்டிகளையே தாக்குகிறது. வாந்தியாலும் கழிச்சலாலும் உடம்பு நீரை இழப்பதே உயிரைப் பறிக்கிறது. இழந்த நீரைச் சேலைனாக ஏற்றி உடம்பு தானே போராடும் வரை தாங்குவதே வைத்தியத்தின் பெரும் பகுதி. ஆகவே ஒவ்வொரு நாளும் முக்கியம். ஆறு முதல் எட்டு வாரக் குட்டியாக இருக்கும்போது தொடங்கிப் போடும் தடுப்பூசி, பின்னர் வரும் வைத்தியச் செலவிலே சிறு பங்குதான். அன்பினாற் செய்யும் தவறுகளும் உண்டு. மனிதருக்குரிய பனடோல் பூனைக்கு நஞ்சு; ஒரு குளிசையே உயிரை வாங்கிவிடலாம். நாய்க்கும் அது ஆபத்தானது. எழும்ப முடியாமற் கிடக்கும் ஜீவனின் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றினால் அது சுவாசப்பைக்குள் போய்விடும். மிருக வைத்தியரிடம் போகிறவர் கையிலுள்ள தொகையை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. அத்தொகைக்குள் எது மிக அவசியமென்று தெரிவு செய்ய அவருக்கு அது உதவும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. விசர்நோயின் அறிகுறி கண்ட நாயை அன்பினாலே தொடுவதும் மடியில் வைப்பதும் ஆகாது. அறிகுறி தோன்றிய பின் அந்நோய்க்கு மீட்சி இல்லை, மனிதனுக்கும் அப்படியே. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசியை இந்நாட்டிலே அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது. காசில்லை என்ற காரணம் செல்லாத இடம் அது.

இனி, மிகக் கடினமான பகுதி. வைத்தியம் பலிக்காமல் ஜீவன் வேதனையிலே துடிக்கும்போது ஊசியினாலே அதை உறங்கவைத்து விடலாமா? 1928 ஆம் ஆண்டிலே சபர்மதி ஆச்சிரமத்தில் இவ்வினா எழுந்தது. ஊனமுற்ற ஒரு கன்று பெரும் வேதனையில் உழன்றது. இயன்ற வைத்தியமும் பணிவிடையும் செய்யப்பட்டன. இனி நம்பிக்கை இல்லையென மருத்துவர் கூறிவிட்டார். உயிரைப் படைக்க இயலாதவனுக்கு அதைப் போக்க உரிமை ஏது என்று ஆச்சிரமத்திலேயே ஒருவர் மறுத்தார். காந்தியடிகள் ஆழ்ந்து யோசித்து, தம் முன்னிலையிலேயே ஒரு மருத்துவரைக் கொண்டு ஊசி போடுவித்தார். அதை மறைக்காமல் தம் பத்திரிகைகளில் எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தமக்கு எந்தச் சுயநலமும் இல்லாமல், கன்றின் வேதனையைத் தீர்க்கவே செய்ததால் அது இம்சையாகாது என்பது அவர் வாதம்.

அம்முடிவைச் சைவர் பலர் ஏற்பதில்லை; ஏற்பவரும் உளர். அது ஒருபுறமிருக்க, அவர் வைத்த நிபந்தனைகளை யாவரும் மனங்கொள்ள வேண்டும். வைத்தியம் செய்து பார்க்கப்பட்டது. நம்பிக்கை இல்லையென அறிந்தவர் சொன்னார். வேதனை தாங்க முடியாதது. செய்பவருக்கு அதனால் இலாபம் எதுவுமில்லை. செலவு என்ற சொல் அந்தப் பட்டியலிலே இல்லை. காசு இருந்திருந்தால் பிழைத்திருக்கும் ஜீவனை, காசில்லாமையாலே போகவிட்டு, அதற்குக் "கருணை" என்று பெயர் வைத்தல் தன்னைத் தானே ஏமாற்றுவதாகும். அங்கே உண்மையான பெயர் வறுமை. அதை அப்படியே சொல்லி அழுகிறவன் பாவியல்லன். ஆனால் அந்த அழுகையைக் கேட்டும் பேசாமலிருக்கும் ஊருக்கு அதிலே ஒரு பங்கு உண்டு.

ஏனெனில், முற்காலத்தில் இச்சுமை ஒரு வீட்டின் தலையிலே மாத்திரம் வைக்கப்படவில்லை. கி.மு. 3 ஆம் நூற்றாண்டிலே அசோகச் சக்கரவர்த்தி தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்திய வசதி செய்ததையும், மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நாட்டியதையும் பொறித்துள்ளார். சோழ பாண்டிய நாடுகளோடு தாம்பபண்ணி என்ற இவ்விலங்கைத் தீவும் அதிலே பெயர் சொல்லப்படுகிறது. கி.பி. 4 ஆம் நூற்றாண்டிலே இந்நாட்டை ஆண்ட புத்ததாச மன்னன், வயிற்றிலே கட்டியுற்ற ஒரு நாகத்துக்கே சத்திர வைத்தியம் செய்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. வாயில்லா ஜீவனின் வைத்தியம் இத்தீவிலே பொதுக் காரியமாக இருந்திருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை ஏறியது. இறக்குமதி மருந்துகளின் விலையும் ஏறியது. அத்தகைய காலங்களில் தனி வீட்டின் கை எவ்வளவு நீளும்? நூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபா வீதம் போட்டால் வருடம் 60,000 ரூபா சேரும். ஓர் ஆலயத்தின் கணக்குப் புத்தகத்திலே அதற்கென ஒரு பக்கம் திறந்து, வரவு செலவை அறிவித்தற் பலகையிலே ஒட்டிவிட்டால், நோயுற்ற பசுவுக்கோ நாய்க்கோ முதல் நாள் ஓட்டோக் கூலியும் முதல் ஊசியும் அதிலிருந்து கொடுபடலாம். எல்லா உயிரையும் அது காப்பாற்றாது. ஆனால் கோயில் வீதிக்கு உரப்பையோடு வருகிற ஒருவர், அந்த ஜீவனை வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோக அது துணை செய்யும்.

இயன்றதை முதல் நாளிலேயே செய்தலும், இயலாததை இயலாது என்று உண்மையாய்க் கூறுதலும், மூச்சு அடங்கும் வரை அருகிலே இருந்து தலையைத் தடவிக் கொடுத்தலும் வறியவனாலும் செய்யக்கூடிய தருமங்கள். அவன் அருகிலிருக்கும்போது அயலவனும் வந்து தோள் கொடுத்தால் அத்தருமம் ஊரின் தருமமாகும். எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்கும் எம்பெருமான் அந்த மனத்தை அடியார்கள் அனைவருக்கும் அருளுவாராக.

சுபம்.