காவலுக்கு என்ன கூலி?

தாமிரபரணித் தண்ணீரில் விவசாயம் பார்ப்பவர்களுக்கு ஒரு வருஷம் என்றால் கார், பிசானம் என்று இரண்டு அறுவடை. ஒரு நாட்டு நாய் நோய்நொடி இல்லாமல் இருந்தால் பத்து, பன்னிரண்டு வருஷம் வாழும். ஆக, வயலில் இருக்கிற நாய் நம்மோடு இருபது அறுவடையாவது பார்த்துவிடுகிறது. நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் களத்திலேயே நெல் அளந்து போட்ட காலத்தில்கூட அதற்கென்று ஒரு கணக்கு இருந்ததில்லை. மிச்சச் சோறுதான்.

எங்கள் வயல் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. கதிர் பால்பிடிக்கும் நாட்களில் காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் உழக்கிப் போட்டால் அந்த வயலில் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. எங்கள் நாய் செவலை இருந்ததால் நாங்கள் தூங்கினோம். பன்றிக்கு ஒரு குரைப்பு, மயிலுக்கு ஒன்று, பாம்பைக் கண்டால் இடத்தைவிட்டு நகராமல் இன்னொன்று. கட்டிலில் படுத்தபடியே அம்மா சொல்லிவிடுவாள், வந்திருப்பது எது என்று.

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்திலேயே எழுத வைத்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு எப்போதும் உறுத்தும். நன்றி முழுவதையும் அதன் பேரில் எழுதிவிட்டால், நாம் வைத்திருக்கிற பாக்கி யார் கண்ணிலும் படாது.

களக்காடு முண்டந்துறைக் காட்டை ஒட்டிய ஊர்களுக்குச் சிறுத்தை புதிதில்லை. 2024 மே மாதம் பாபநாசம் பக்கத்து வேம்பையாபுரத்தில் வனத்துறை கூண்டு வைத்தே பிடித்தது. ஊருக்குள் அதற்கு எளிதில் சிக்குகிற இரை ஆடும் நாயும்தான். அப்படிப்பட்ட இடத்தில் நாயைத் தென்னையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, நாம் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதைக் காவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரைத்து நம்மை எழுப்ப அதனால் முடியும். தான் தப்பி ஓட முடியாது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காகச் சண்டையிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயையும் அதே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அது செய்த வேலையையும், கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மாடு மேய்த்துப் பிழைத்த அந்த மனிதர்கள் நாய்க்குப் பட்ட கடனை ஊரறிய ஒப்புக்கொண்டார்கள். நம்மைவிட அவர்கள் பெரியவர்கள் என்றே நினைக்கிறேன்.

செவலைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பன்றி வரப்பைத் தாண்டிய பிறகுதான் குரைக்கிறது. புதுக் குட்டி ஒன்றை வளர்த்துக்கொண்டு இதைச் சந்தைப் பக்கம் விட்டுவிடலாமே என்று அக்கறையோடு சொன்னவர்கள் உண்டு. அம்மா அவர்களிடம் கேட்டாள்: "எய்யா, எனக்குந்தான் கண்ணு மங்கிட்டு. என்னையும் கொண்டுபோய் விட்டுருவியளா?"

வயலில் நாய் வளர்க்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரியில் அதற்குத் தொழுவத்துக்குள்ளோ திண்ணையிலோ கதவுள்ள ஓரிடம் கொடுங்கள். கிழமான பிறகும் அதே வட்டிலில் சோறு வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுங்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தன்று பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் அதை இலவசமாகவே போடுகிறார்கள்.