வேரடியில் விளைவது

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்பே ஜீப்புகள் அதில் ஏறத் தொடங்கிவிடும். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில், ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அம்மாச்சியும் பல வருடம் அப்படிப் போனவர்தான். ஏலக்காட்டைப் பற்றி அவர் அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்று: "நிமிந்து நின்னு காய் எடுத்தவ எவளும் இல்லடா."

ஏலச்செடி ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். ஆனால் பூப்பதும் காய்ப்பதும் உச்சியில் அல்ல. வேரடியிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். சருகை விலக்கி, குனிந்தோ குத்தவைத்தோதான் காயைத் தொட முடியும். மேலே இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்க, வாசனை எல்லாம் மண்ணருகே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு, ஒரு காலத்தில் இந்த மதுரைச் சீமையில் வாழ்ந்த ஒரு துறவியின் நினைவு வரும்.

அவர் பெயர் எலன் தெ ஷப்போத்தின். பிரான்சு நாட்டின் நாந்த் நகரில் 1839 மே 21 அன்று பிறந்தவர். மரி ரெப்பராத்ரிஸ் என்ற துறவற சபையில் 1864இல் சேர்ந்து, 'திருப்பாடுகளின் மரியா' என்ற பெயரை ஏற்றார். மறு ஆண்டே மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். இயேசு சபைக் குருக்கள் இங்கே உருவாக்கியிருந்த உள்நாட்டுக் கன்னியர் சபைக்குப் பயிற்சி தருவது அவருடைய சபையின் வேலைகளில் ஒன்று. இரண்டே ஆண்டில், 1867இல், சபைக்கு இங்கிருந்த மூன்று மடங்களுக்கும் மாநிலத் தலைவியானார். 1874இல் ஊட்டியிலும் ஒரு மடம் திறந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். மடங்களுக்குள் பழைய பிணக்குகள் இருந்தன. அவை முற்றின. 1876இல் அவரும் உடன் இருந்தவர்களுமாக 20 பேர் தங்கள் சபையை விட்டே விலக நேர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரு பக்கமும் இறைவனை நேசித்தவர்கள். ஆனால் அந்த 20 பேரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிறந்த நாடு கடலுக்கு அப்பால். வாக்குக் கொடுத்து நுழைந்த வீடு இனி அவர்கள் வீடல்ல. கோயம்புத்தூர் மறைமாநிலத் தலைவர் ஆயர் ஜோசப் பர்து ஆதரவு தந்தார். ஊட்டியின் குளிரில் அவர்கள் ஒன்றுகூடினார்கள்.

அந்த நாட்களில் அவர்கள் என்ன செபித்திருப்பார்கள்? வழி தெரிந்து நடப்பவருக்குச் செபம் எளிது. வாசல் அடைபட்ட பின் முழங்காலிடுவது வேறு. அதில் கேட்பதற்குக்கூட ஒன்றும் இருக்காது. மௌனமாக இருக்கலாம், அவ்வளவுதான். எல்லாம் கையை விட்டுப் போன நேரத்தில் மனிதன் தரைக்கு மிக அருகில் இருக்கிறான். காய் பிடிக்கும் இடமும் அதுதான் என்று என் மனம் சொல்கிறது.

திருப்பாடுகளின் மரியா உரோமைக்குப் போய்த் தங்கள் நிலையை எடுத்துச் சொன்னார். 1877 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, 'மரியாவின் மறைபரப்புப் பணியாளர்' என்ற புதிய சபையைத் தொடங்கத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இசைவு தந்தார். 1882இல் அன்னை திருப்பாடுகளின் மரியா, புனித பிரான்சிஸ் அசிசியின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அவருடைய சகோதரிகள் பிரான்சிஸ்கன் சகோதரிகள் ஆனார்கள். உலகெங்கும் எஃப்.எம்.எம். என்று அறியப்படும் அந்தச் சபை, நம் நீலகிரி மலையில் வேர்விட்டது. இது தமிழ்க் கத்தோலிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

சோதனை அத்தோடு தீரவில்லை. 1883 மார்ச்சில், தாம் நிறுவிய சபையின் தலைமைப் பொறுப்பிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் விசாரிக்கச் சொன்னார். குற்றமில்லை என்று தெளிவானது. 1884 ஜூலையில் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் அவர் கண்மூடியபோது, நான்கு கண்டங்களில் 86 இல்லங்களும் 2,000க்கு மேற்பட்ட சகோதரிகளும் இருந்தார்கள்.

நோயாளிகளைப் பார்ப்பதும், பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதும், ஏழைப் பெண்கள் கைத்தொழிலால் பிழைக்கப் பின்னல், தையல் பட்டறைகள் வைப்பதும் அவர்கள் பணி. அவற்றுக்கு நடுவே நற்கருணை ஆராதனை. ஒருத்தி அடுப்படியில் நிற்கும் நேரத்தில் இன்னொருத்தி நற்கருணைநாதர் முன்னால் இருப்பாள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டும் ஒரே வேலை என்பதே அன்னையின் எண்ணம். சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நாடு விடுதலை பெற்ற அதே நாளில், 1947 ஆகஸ்ட் 15 அன்று, தொடங்கியவர்களும் இவர்கள்தாம்.

அந்தச் சபையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் மரிய அசுந்தா பல்லோத்தா. இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்துப் பெண். 1898இல் சபைக்கு வந்தார். அதிகம் படித்தவர் அல்லர். தோட்ட வேலை, கால்நடை வேலை எல்லாம் செய்தார். சீனாவின் ஷான்சி மாநிலத்தில் 1900 ஜூலை 9 அன்று இச்சபையின் ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1904இல் அதே மாநிலத்துக்கு அசுந்தா போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை. ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 1905 ஏப்ரல் 7 அன்று டைஃபஸ் காய்ச்சலில் இறந்தார், வயது 26. எந்தச் சின்ன வேலையையும் கடவுளுக்காகவே செய்ய வேண்டும் என்பது அவர் கேட்டிருந்த வரம். அவர் உயிர் பிரிந்த நேரத்தில் வீடெங்கும் இனிய மணம் பரவியதாக உடன் இருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். 1954இல் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டம் தந்தது. சபையை நிறுவிய அன்னைக்கு அந்தப் பட்டம் 2002இல்தான் வந்தது. அடுப்படிச் சகோதரி 48 ஆண்டு முந்திக்கொண்டார்.

அம்மாச்சி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், அவருக்கு முன்னால் ஏலக்காய் வாசம் நுழையும். குளித்தாலும் போகாது. அவருக்கு மட்டும் அது தெரியாது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார்.

நவம்பர் 15 அன்னையின் நினைவு நாள். அன்று உங்கள் ஊர்க் கன்னியர் மடத்துக்குப் போக வாய்த்தால், தலைவியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். சமையற்கட்டில் நிற்கும் சகோதரியின் பெயரைக் கேளுங்கள். அவரோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள்.