காரணமில் அச்சம்

சிவமயம்



ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறத்தற்கு நிலைக்களன் நான்கெனக் கொண்டு, அணங்கும் விலங்கும் கள்வரும் தம் இறைவனாகிய அரசனும் என வகுத்தனர். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே நிற்கும் பொருள்கள். புலி அகன்றவழி அச்சமும் அகலும். அஃது உயிர் காத்தற்கு உதவுவதாகலின் குற்றமும் அன்று. ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது, அந்நான்கனுள் ஒன்றும் இன்றியே வந்து பற்றி, வந்தபின் எளிதில் அகலாது நிற்கும் ஓர் அச்சத்தினை. இக்காலத்து மருத்துவர் அதனைப் பதற்றக் கோளாறு என்பர். சித்தாந்தம் பேசும் பத்திரிகையில் இதற்கு இடம் யாது எனச் சிலர் வினவுதல் கூடும். மடங்களுக்கும் திருக்கோயில்களுக்கும் ஆறுதல் நாடி வருவோருள் இந்நோயாளரும் உளர். அவர்க்கு நாம் இறுக்கும் விடையோ பல்காலும் பிழைபடுகின்றது. ஆதலின் இதனை எழுதலானேன்.

அவ்வாறு பிழைத்தாருள் யானும் ஒருவன். சில யாண்டுகளுக்கு முன் என்னிடம் சாத்திரம் பாடங்கேட்ட மாணாக்கன் ஒருவன், திருமுறையைப் பண்ணொடு ஓதுதலில் வல்லவன், ஒரு குருபூசை நாளில் அவை நடுவே பதிகந் தொடங்கிய அளவில் நாவுலர்ந்து, மார்பு படபடத்து, உடல் வியர்த்து, இக்கணமே உயிர்போம் எனத் துணிந்து எழுந்தோடினான். அரைநாழிகைக்குள் எல்லாந் தணிந்தது. நெஞ்சிற் பழுதில்லை என்றனர் மருத்துவர். ஆயினும் அன்றுமுதல் அவன் அவைக்கு வந்திலன். பின்னர்க் கூட்டமுள்ள கோயிலுக்கும் வந்திலன். பின்னர்ப் பேருந்தில் ஏறுதலும் ஒழிந்தான். அவ்வச்சம் மீண்டும் வருமோ என்பதே அவனுக்குப் பேரச்சமாயிற்று. யான் அவனை அழைத்து, ‘திருவைந்தெழுத்து நாவில் இருக்க அச்சம் எங்ஙனம் வரும்? நின் அன்பிற் குறையுண்டு. நாடோறும் ஆயிரத்தெட்டுரு எண்ணிச் செபி’ என்றேன். அவன் அதனை மெய்யென நம்பினான். ஓருரு தப்பிற்றோ என ஐயுற்று முதலிலிருந்து எண்ணுவான். நள்ளிரவிலும் எழுந்து எண்ணுவான். மரணத்திற்கு அஞ்சினவன் சிவத்துக்கும் அஞ்சத் தொடங்கினான். அது யான் கொடுத்த நோய்.

அன்று யான் நம் சாத்திரத்தையே மறந்தேன். ஆன்மா அந்தக்கரணங்களின் வேறு என்பதனைச் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் நிறுவும். அரசன் அமைச்சரொடு கூடித் தொழில் செய்தல்போல ஆன்மா கரணங்களொடு கூடி அவத்தைப்படும் என்பது ஆண்டுக் காட்டிய உவமை. சித்தம் சிந்திக்கும், மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் ‘யான்’ என முனைந்தெழும், புத்தி இஃதெனத் துணியும். நான்கும் மாயையின் காரியம், சடம். சடமாகிய கண்ணிற்குப் படலம் வருமாயின், சடமாகிய கரணத்திற்கு நோய் வருதலில் வியப்பென்னை? பகைவர் ஒருவரும் இலராகவும் ‘பகைவர் மதிலைச் சூழ்ந்தனர்’ என்று இரவும் பகலும் முறையிடும் அமைச்சனைப் பெற்ற அரசன் யாங்ஙனம் உறங்குவான்? அவனைக் கோழை என்றல் தகுமோ? மருத்துவர் மூளையின்கண் அமிக்டலா என்னும் சிறுபகுதி மிகையாகக் கிளர்தலையும், அட்ரீனலின் குருதியிற் பரந்து நெஞ்சத் துடிப்பையும் மூச்சையும் விரைவித்தலையும் கூறுவர். மூளை தூலவுடம்பின் உறுப்பு, அந்தக்கரணம் சூக்குமம், இரண்டனையும் ஒன்றெனக் கோடல் நமக்கு உடன்பாடன்று. ஆயினும் சூக்குமம் தூலத்தைப் பற்றியே தொழிற்படுமாகலின், மருத்துவர் கூற்று நம் நூலொடு முரணுமாறு இல்லை.

இந்நோய் ஒருவகைத்தன்று. என் மாணாக்கற்கு வந்தது திடீரெனத் தாக்கும் பேரச்சம். எதனைப்பற்றியும் ஓயாது கவலுதல் பிறிதொரு வகை. 1980ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க உளமருத்துவ நோய்ப்பகுப்பு நூலிலேதான் இவ்விரண்டும் தனித்தனி நோயாகப் பிரிக்கப்பட்டன. பின்னையது ஓசையின்றி வருவது. மகன் வீடுதிரும்பச் சிறிது தாழ்ப்பின் அவற்குத் தீங்கு நேர்ந்ததெனவே கொள்ளுதல், உறக்கமின்மை, கழுத்தும் தோளும் இறுகுதல், எளிதிற் சினத்தல் என்னும் இவை ஆறு திங்களுக்கு மேல் நிற்பின் அதனை நோயெனத் துணிவர். இவ்வகை நோய்கள் ஆடவரினும் பெண்டிர்க்கு மிகுதி. அவரையோ வீட்டார் ‘சிடுசிடுப்பு’ என்று தள்ளிவிடுவர். 2019ஆம் ஆண்டில் உலகில் 30 கோடியே 10 லட்சம் மக்கள் பதற்றக் கோளாறு உடையராயிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அத்தகையருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே மருத்துவம் பெறுகின்றனராம். எஞ்சிய மூவரும் எங்கே செல்கின்றனர்? சிலர் நம் வாயிலுக்கு வருகின்றனர்.

அற்றேல், துன்பம் பிராரத்தமாகலின் நுகர்ந்தே தீரவேண்டும், மருந்தாற் பயனென்னை எனின், அற்றன்று. பசியும் பிராரத்தமே, அதற்கு நாம் உண்ணாதிருக்கின்றோமில்லை. நோயை ஊட்டும் திருவருளே மருத்துவனையும் கூட்டும். கண்ணப்ப நாயனார் இறைவன் கண்ணிற் குருதி கண்டு அதனைத் தீர்த்தற்கு முதற்கண் செய்தது காட்டுப் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்ததேயாம். அன்பிற்கு எல்லையாகிய அவரே மருந்தை இகழ்ந்திலர். திருஞானசம்பந்தர் திருக்கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது, உடனிருந்த அடியார்க்கே குளிர்சுரம் வந்தது. பிள்ளையாரைப் பிரியாதிருந்தோர்க்கும் பிணி வருமாயின், பிணியை அன்பின்மைக்கு அடையாளமாகக் காட்டுவது எங்ஙனம்? நாவுக்கரசர் நீற்றறைக்கும் நஞ்சுக்கும் யானைக்கும் கடலுக்கும் அஞ்சாமையைக் குருபூசைதோறும் எடுத்து விரிக்கின்றோம். விரிக்கவேண்டுவதே. ஆனால் அந்நாவுக்கரசரே சூலைநோய்க்கு ஆற்றாது துடித்தவர். தம் திருவடியில் வந்து வீழ்ந்த தம்பியார்க்குத் திலகவதியார் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றனரேயன்றிப் பழைய பிழையைக் கூறி வெகுண்டாரல்லர். அவ்விடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம்.

மாணாக்கனை ஈற்றில் உறவினர் ஒருவர் உளமருத்துவரிடம் கொண்டு சென்றனர். அவர் முதலில் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியைச் சோதித்தார். அது மிகையாகச் சுரப்பினும் இத்தகைய படபடப்பு உண்டாமாகலின். பின்னர் நாடோறும் உட்கொள்ளும் மாத்திரை கொடுத்து, பயன் தெரியச் சில வாரம் செல்லும், தாமே நிறுத்தலாகாது என்றார். உடனே தணிக்கும் மாத்திரைகளும் உள. அவை பழக்கமாகிப் பற்றிக்கொள்ளுமாகலின் அவற்றை அவர் விரும்பிற்றிலர். காப்பியைக் குறைக்கவும் சொன்னார். (மாத்திரை என்றவுடன் முகஞ்சுளிக்கும் நம்மவர் காப்பியை நாளைக்கு ஐந்து முறை பருகுவர்.) இவற்றினும் யான் வியந்தது அவர் பயிற்றிய முறை. அஞ்சி விலகுந்தோறும் ஓர் ஆறுதல் பிறக்கும். அவ்வாறுதலே ‘அவ்விடம் மெய்யாகவே கொடிது’ என்று புத்திக்குக் கற்பித்துவிடும். ஆகலின் சிறிது சிறிதாக அச்சத்தின்முன் நின்று பழகல்வேண்டும் என்றாராம். வாசனை ஏறுமாறும் தேயுமாறும் நாம் ஏட்டிற் படித்ததையே அவர் நடத்திக் காட்டினார். முதலிற் கூட்டமில்லா நண்பகலிற் கோயில் வாயில். பின்னர் மண்டபத் தூணருகே கால்நாழிகை. படபடப்பு எழுந்தபோதும் ஓடாது நிற்றல். செபத்தை அவர் விலக்கவில்லை. எண்ணுதலை மட்டும் விடுக என்றார். தப்பினாற் கேடு வரும் என்று நடுங்கி எண்ணியதற்குச் செபம் என்று பெயரிட்டவன் யானே.

சென்ற மார்கழியில் அவன் வேறிருவரோடு கூடித் திருவெம்பாவை ஓதினான். இடையில் ஒருமுறை குரல் நின்றது, மற்றையோர் தொடர்ந்தனர், அவனும் பின் சேர்ந்துகொண்டான். வழிபாடு முடிந்தபின் யான் அவனைத் தனியே அழைத்து, அன்று கூறியதற்கு வருந்துகின்றேன் என்றேன். அவன் சிறிதுநேரம் பேசாதிருந்து, ‘ஐயா, தாங்கள் கூறிய சொல்லை மறந்துவிட்டேன். ஐயா கூறிவிட்டாரே, செபத்தால் தீரும் என்று வீட்டார் இரண்டு யாண்டு என்னை மருத்துவரிடம் விடவில்லை; அதுதான் பெரிதாய்ப் போயிற்று’ என்றான்.

திருச்சிற்றம்பலம்