குழந்தை நோயும் வினைக்கொள்கையும்

வினைக்கீடாக இன்ப துன்பங்கள் வருமென்பது நம் சமயத்தின் துணிபு. அதனை ஈண்டு யாரும் ஐயுறுதல் வேண்டா. ஆயினும் அத்துணிபினை எவர், எவர்பால், எவ்விடத்து எடுத்துக் கூறுதல் தகும் என்பது தனியே ஆராயற்பாலது. மூன்று வயதுக் குழந்தையின் கண்ணருகே ஒரு கட்டி எழுந்து, அது புற்றென்று மருத்துவர் தெரிவித்தவிடத்து, அண்டையார் "முற்பிறப்பில் என்ன செய்ததோ!" என்கின்றனர், அதனினுங் கொடிதாகப் "பெற்றவர் செய்த பாவம்" என்றும் மொழிகின்றனர். அணுபுரத்தையும் அதனையடுத்த திருக்கழுக்குன்றத்தையும் சூழ்ந்த ஊர்களில் இம்மொழியை யாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். சங்குதீர்த்தத்தில் மகவை மூழ்குவித்து வேதகிரிப் பெருமானை வேண்டிச் செல்லும் தாயர், நோயினும் இச்சொல்லுக்கே அஞ்சித் தலைகவிழ்ந்து நடத்தலையும் கண்டிருக்கின்றோம். இச்சொல் சைவமாகுமா என்பதே வினா.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் நலம். மெல்லிழையப் புற்றுக்கள் குழந்தைகளிடத்து அரியன. அவற்றுள் இராப்டோமயோசர்க்கோமா என்று மருத்துவ நூலார் வழங்குவது, வரித்தசையாக வளரவேண்டிய உயிரணுக்கள் முதிராமலே நெறிதிறம்பிப் பெருகுதலால் உண்டாவது. பத்து வயதிற்குட்பட்டாரையே பெரிதும் பற்றும். கண்குழி, கழுத்து, சிறுநீர்ப்பை, கைகால் ஆகிய இடங்களில் தோன்றும். பலரிடத்து நோவில்லாத வீக்கமாகத் தொடங்குதலின், அடிபட்ட வீக்கமென்று கருதி நாள் கழிப்பர். மிகச் சிலரிடத்து மரபுவழி வந்த ஒரு குறைபாடு காரணமாம்; ஏனைப் பெரும்பாலாரிடத்துப் பெற்றோர் உண்டதோ செய்ததோ காரணமாகக் காணப்படவில்லை. அறுவையொன்றையே நம்பியிருந்த காலத்தில் இந்நோயுற்ற மகார் பெரும்பாலும் மடிந்தனர். இக்காலத்தில், பரவுமுன் கண்டு, மருந்து, அறுவை, கதிர் மூன்றையும் முறையாகச் செய்யின் பத்தில் ஏழு குழந்தைகள் வரை பிழைக்கின்றன. பரவியபின் வருவாருள் பிழைப்பார் பத்தில் மூவர்க்கு மேற்படார். ஆகவே நாணத்தாலும் பழிச்சொல் அச்சத்தாலும் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு திங்களும் குழந்தையின் உயிரைக் கொள்வதாகின்றது.

அம்மருந்துகளுள் ஒன்று நம் நந்தவனத்து நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்படும் வின்கிரிஸ்டின். நாம் பூசைக்குப் பறிக்கும் அப்பூவைச் சில ஊரார் சுடுகாட்டுப் பூ என்று இழிப்பர். அதன் இலையில் மகாரைச் சுடுகாட்டினின்று மீட்கும் பொருள் இருந்தது. கதிரோ அணுவினின்று வருவது. கல்பாக்கத்து அணுநிலையத்தார் உறைதலின் அணுபுரம் என்று பெயர்பெற்றது அவ்வூர். நம் நூல்களிலோ அணு என்பது உயிருக்கே பெயர். ஆணவத்தாற் சிறுமையுற்றமையின் அப்பெயர்த்து. இது நிற்க.

1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரை விதியென்று விட்டொழியாமல், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். 1955-ல் அங்கே பணிசேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையுமளவும் அதனைவிட்டு நீங்கினாரல்லர். குழந்தைப் புற்றுக்கெனத் தனிப்பகுதி வகுத்த தொடக்க நிலையங்களுள் அதுவும் ஒன்று.

அற்றேல், நோய் வினைப்பயனாயின் அதனை மருந்தால் விலக்கப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறன்றோ எனின், அன்று. வினை சடம், தானே சென்று பயனைப் பொருத்தும் அறிவு அதற்கில்லை. கூட்டுவான் முதல்வன். பிராரத்தம் நோயாய் வந்து கூடினாற்போல, மருந்தாயும் மருத்துவனாயும் வந்து கூடும். கட்டியை மட்டும் வினையென்று கொண்டு நித்தியகல்யாணியை வினைக்குப் புறம்பென்று தள்ளுதல் எந்நூல் வழக்கு? மேலும், எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பயனாய் விளைந்ததென்று அறிதல் முற்றறிவுடையான் ஒருவனுக்கே உரியது. அதனைத் திண்ணையிலிருந்து உரைப்பவர், குழந்தையின் பிராரத்தத்தை அறிந்தாரில்லை. தாய் நெஞ்சைச் சுட்ட அச்சொல்லால் தமக்கு ஆகாமியம் ஈட்டிக்கொண்டார் என்பது மட்டும் திண்ணம். வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்தற்கு வகுத்தது. பிறர் மகவின்மேல் தீர்ப்பெழுதுதற்கன்று.

இதற்கு ஆன்றோர் ஒழுக்கமே சான்று. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன், முயலகன் என்னும் பிணியுற்ற தன் மகளை, பிறவாற்றால் தீராமையின், பெருமான் திருமுன் கிடத்தியிருந்தான். அவளோ மழலை மாறாத இளங்கன்னி. ஆளுடைய பிள்ளையார் அங்கெழுந்தருளி நிகழ்ந்ததைக் கேட்டார். வினையினியல்பை அவரினும் அறிந்தார் யார்? ஆயினும் அவர் அக்கன்னியை நோக்கி ஒன்றும் வினவிற்றிலர். தந்தையின் குற்றமும் ஆராய்ந்திலர். இவளை வாட்டுதல் பெருமானுக்கு மாண்பாகுமோ என்று இறைவனையே நோக்கிப் பதிகத்தில் வினவினார். வழக்கு முழுதும் குழந்தையின் தலையினின்று நீங்கி இறைவன் திருவடிக்கு மாறிற்று. கொங்குநாட்டில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோதும், வினையென்று வாளா இருத்தலை அவர் உடன்பட்டிலர் என்பது திருநீலகண்டப் பதிக வரலாற்றால் விளங்கும்.

இனி, பிழைத்த மகாரைப் பற்றியும் ஒரு சொல். மருந்தும் கதிரும் உயிரைத் தந்து சிலரிடத்துச் சிலவற்றைக் கொள்கின்றன. முகத்தின் ஒருபுறம் வளர்ச்சி குன்றலாம், பார்வை குறையலாம், மகப்பேற்றிற்கு இடையூறு நேரலாம். ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுதலும் வேண்டும். இவற்றையெல்லாம் தாங்கி இருபது வயதெய்திய ஒருத்திக்கு மணம் பேசுமிடத்து, அப்பழைய "பாவம்" மீண்டும் எடுத்துக் கூறப்படுகின்றது. இது ஒருவரிடத்தினின்று மற்றொருவர்க்குத் தொற்றும் நோயன்று என்பதைக்கூட உசாவியறிவார் சிலரே. மழவன் மகள் பிணி நீங்கி எழுந்து, பொற்கொடிபோல் அசைந்து, தந்தையின் பக்கலிலே வந்து நின்றாள் என்கின்றார் சேக்கிழார் பெருமான். அவள் முன்செய்த வினை யாதென்று அவர் ஓரிடத்தும் சொல்லிற்றிலர்.