தோள் கொடுத்தவன்

2004 ஆகஸ்ட் 15. கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த சம்மர்ஸ்லாமில் கிறிஸ் பென்வாவைத் தோற்கடித்து ராண்டி ஆர்டன் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனான். வயது 24. டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் உலகச் சாம்பியன் ஆனதில்லை. மறுநாள் திங்கட்கிழமை 'ரா' நிகழ்ச்சியில் பென்வாவை மறுபடியும் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டதும், கொண்டாடுவதற்காக அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேர் ரிங்குக்குள் வந்தார்கள். ட்ரிபிள் ஹெச், ரிக் ஃப்ளேர், பட்டிஸ்டா. பட்டிஸ்டா ஆர்டனைத் தோளில் தூக்கிக்கொண்டான். திருவிழாவில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து தேர் பார்க்கும் பிள்ளை மாதிரி இருந்தான் ஆர்டன். ட்ரிபிள் ஹெச் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினான். பிறகு முகத்திலிருந்து சிரிப்பு போனது. விரல் கவிழ்ந்தது. பட்டிஸ்டா அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து ஆர்டனைக் கீழே போட்டான்.

அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து அடித்த அடியில் ஆர்டனின் முகமெல்லாம் ரத்தம். டென் ஸ்போர்ட்ஸில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்த நம் தலைமுறையில் அந்தக் கட்டைவிரலை மறந்தவர்கள் குறைவு. எனக்கு என்னவோ, இத்தனை வருடம் கழித்தும் கண் போய் நிற்பது பட்டிஸ்டாவின் தோளில்தான். துரோகம் என்றதும் நாம் உடனே தலைவனைத் தேடுகிறோம், உத்தரவு கொடுத்தவனைத் திட்டுகிறோம். தோள் கொடுத்தவனை என்ன செய்வது?

(பாத்திரங்களை 'அவன்' என்றும், அந்தப் பாத்திரங்களைச் சுமந்த மனிதர்களை 'அவர்' என்றும் எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பது இங்கே முக்கியம்.)

2003 தொடக்கத்தில் உருவான இந்தக் கூட்டணிக்குப் பெயர் எவல்யூஷன். ஃப்ளேர் கடந்தகாலம், ட்ரிபிள் ஹெச் நிகழ்காலம், ஆர்டனும் பட்டிஸ்டாவும் எதிர்காலம். அதே வருடம் டிசம்பரில் நடந்த ஆர்மகெடானில் 'ரா' பிரிவின் ஆண்களுக்கான பட்டங்கள் அத்தனையும் இவர்கள் நால்வர் கைக்கு வந்தன. நான்கு பேரும் வில்லன்கள். அதிலும் ஆர்டன் ஒரு படி மேல். 2003 கடைசியில் மிக் ஃபோலியின் முகத்தில் துப்பினான். அடுத்த வருடம் ஹார்லி ரேஸ் என்கிற மூத்த ஜாம்பவானின் முகத்தில் துப்பினான். பெரியவர்களை அவமானப்படுத்துவதுதான் அவன் தொழிலே.

அப்படிப்பட்டவன் ஒரு விரல் கவிழ்ந்த நொடியில் நல்லவன் ஆகிவிட்டான். அடுத்த வாரம் ட்ரிபிள் ஹெச் பட்டத்தைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னபோது, ஆர்டன் அவன் முகத்தில் துப்பினான். அரங்கம் அதிர்ந்தது. அதே வாய், அதே எச்சில். விழுந்த முகம் மட்டும் வேறு.

அடி வாங்கியவன் பக்கம் நியாயம் இருக்கும் என்று நினைப்பது நம் பழக்கம். பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், சரி. ஆனால் பாதிக்கப்பட்டதாலேயே ஒருத்தன் நல்லவன் ஆகிவிடுவதில்லை. ஆர்டனுக்கு நடந்தது அநியாயம். அதற்காக ஆர்டன் திருந்திவிட்டான் என்று அர்த்தமா? ஒரே மாதத்தில், செப்டம்பர் 12 அன்று அன்ஃபர்கிவனில், ட்ரிபிள் ஹெச்சிடம் பட்டத்தை இழந்தான். அவனை நாயகனாக நிறுத்தும் முயற்சி ஒட்டவே இல்லை. 2005 ரெசில்மேனியாவுக்கு முன்பே மறுபடியும் வில்லன்.

ஐ.டி. கம்பெனியில் நாலைந்து வருடம் குப்பை கொட்டிய யாருக்கும் எவல்யூஷனின் கதை புதிதாக இருக்காது. டீமில் ஒரு பையன் நன்றாக வேலை செய்கிறான். மேனேஜர் அவனை எல்லா மீட்டிங்குக்கும் கூட்டிக்கொண்டு போகிறார், 'நம்ம பையன்' என்கிறார். அந்தப் பையன் மேனேஜரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற நாள் வரைக்கும்தான் இதெல்லாம். அப்புறம் ஒரு மீட்டிங்கில், "அவரோட அப்ரோச்ல கொஞ்சம் கன்சர்ன் இருக்கு" என்று மெதுவாக ஆரம்பிக்கும். மீதி ஆறு பேர் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலையில் அவனோடு டீ குடித்தவர்கள்தான். அந்த ஆறு பேரின் மௌனம்தான் தோள் பின்பக்கமாகச் சாய்வது.

அவர்கள் கெட்டவர்களா? வீட்டு லோன் இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டைவிரலுக்கு எடை கிடையாது. ட்ரிபிள் ஹெச் நாள் முழுக்க விரலைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் ஆர்டன் விழுந்திருக்க மாட்டான். ஆர்டனின் மொத்த எடையும் இருந்தது பட்டிஸ்டாவின் கழுத்தில்.

இந்தச் சைகையின் கதையே அப்படித்தான். ரோமானிய அரங்கில் விரல் எந்தப் பக்கம் திரும்பினால் மரணம் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத விவாதம். கீழே திரும்பிய விரலை நம் மனதில் ஆணியடித்தது ஜான் லியோன் ஜெரோம் 1872இல் வரைந்த ஓவியம். ரிட்லி ஸ்காட்டை 'கிளாடியேட்டர்' படத்துக்கு இழுத்ததும் அந்த ஓவியம்தான். அதில் பார்வையாளர்கள் விரலை நீட்டிக் கத்துகிறார்கள். ஆனால் கீழே கிடப்பவன்மேல் காலை வைத்து நிற்பவன் இன்னொரு அடிமை வீரன். தீர்ப்பு சொல்பவர்கள் கையில் ரத்தம் படுவதில்லை. அதற்கு எப்போதும் பக்கத்தில் இருக்கும் ஒருத்தன் தேவைப்படுகிறான்.

"இதெல்லாம் ஸ்கிரிப்ட்தானேப்பா?" என்று கேட்கலாம். ஸ்கிரிப்ட்தான். 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில் ரோலான் பார்த் ரெஸ்லிங்கைப் பற்றி எழுதும்போது, ஆட்டம் நிஜமா பொய்யா என்பது பார்வையாளர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்கிறார். அவர்கள் காண வருவது துன்பமும் தோல்வியும் நீதியும் கண்ணுக்குத் தெரியும்படி நடப்பதை. எனக்கு இதைவிட ஆச்சரியமானது வேறொன்று. தோளில் இருப்பவருக்குப் பின்னால் இருக்கும் தரை தெரியாது. எப்போது சாய்வது, எப்போது விடுவது என்பதெல்லாம் கீழே இருப்பவர் கையில். அவர் கொஞ்சம் தப்பினால் இவர் கழுத்து போய்விடும். அன்றைக்கு ஆர்டன் என்ற மனிதர் தன் முதுகெலும்பை பட்டிஸ்டா என்ற மனிதரிடம் ஒப்படைத்திருந்தார். அவ்வளவு நம்பிக்கை இருந்தால்தான் துரோகத்தை நடித்துக்கூடக் காட்ட முடியும். நிஜத்திலும் இதுதான் கணக்கு. அந்நியன் நம்மை ஏமாற்றலாம், துரோகம் செய்ய முடியாது. அதற்கு நாம் முதலில் தோளில் ஏறியிருக்க வேண்டும்.

பட்டிஸ்டாவுக்கு அப்புறம் என்ன ஆனது? 2005 ஜனவரியில் ராயல் ரம்பிளை வென்றான். இப்போது அவனே ட்ரிபிள் ஹெச்சின் பட்டத்துக்கு ஆபத்து. அவனை வேறு சாம்பியன்மேல் ஏவிவிட்டுத் தப்பிக்கத் தலைவன் போட்ட திட்டத்தை ஒட்டுக்கேட்டுவிட்டான். பிப்ரவரி 21, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மேடை. பட்டிஸ்டா கட்டைவிரலை உயர்த்தினான். பிறகு கவிழ்த்தான். ட்ரிபிள் ஹெச்சைத் தூக்கி மேசைமேல் போட்டு உடைத்தான். ரெசில்மேனியாவில் பட்டத்தையும் பறித்தான்.

கூட்டம் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நானும் அந்தக் காட்சியை ரசிப்பவன்தான். ஆனால் அவனுக்குக் கண் திறந்தது எப்போது? தன் முறை வந்தபோது. ஆறு மாதம் முன்பு அதே விரல் ஆர்டனுக்காகக் கவிழ்ந்தபோது அவனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தலைவனைப் பழிவாங்கியதும் அவன் பழைய பாக்கி தீர்ந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொண்டோம். பாக்கி இருந்தது ஆர்டனிடம். ஆரவாரத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. மேனேஜர் மாறிய பிறகு, "அந்த ஆளால நானும் ரொம்பக் கஷ்டப்பட்டேன்" என்று சொல்லும் ஆறு பேரையும் நாம் இப்படித்தான் மன்னித்துவிடுகிறோம்.

கூட்டத்தை விட்டு வெளியேறுவது பெரிய காரியம்தான். அதைவிடச் சின்னதாகத் தெரியும் ஒரு காரியம் இருக்கிறது. விரல் கவிழும்போது சாயாமல் நிற்பது. அதற்கு மேசையை உடைக்க வேண்டாம், வசனம் பேச வேண்டாம். மேலே இருப்பவனைப் பத்திரமாக இறக்கிவிட்டால் போதும். அதற்கு ஆரவாரம் கிடைக்காது என்பதாலோ என்னவோ, ரெஸ்லிங்கில் அதை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. மீட்டிங் ரூமிலும்தான்.

பத்து வருடம் கழித்து, 2014இல், ட்ரிபிள் ஹெச்சும் ஆர்டனும் பட்டிஸ்டாவும் எவல்யூஷனாக மறுபடி சேர்ந்தார்கள். 'தி ஷீல்ட்' என்ற மூன்று இளைஞர்களிடம் இரண்டு முறை தோற்றார்கள். பட்டிஸ்டா விலகிப் போனான். ஜூன் 2 அன்று ட்ரிபிள் ஹெச் ஆர்டனோடு ரிங் பக்கம் வந்து நிற்க, ஷீல்டின் உள்ளிருந்தே சேத் ராலின்ஸ் தன் சகோதரன் மாதிரி இருந்த ரோமன் ரெய்ன்ஸின் முதுகில் இரும்பு நாற்காலியால் அடித்தான். அடித்து முடித்து நாற்காலியை ஆர்டனிடம் நீட்டினான்.

நம்பிய தோளிலிருந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் ஆர்டனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. நாற்காலியை வாங்கி, கீழே கிடந்த ரெய்ன்ஸை அடிக்க ஆரம்பித்தான்.