திரும்பி வரும் துணி

சென்ற டிசம்பரில், பள்ளி மூடுவதற்கு நான்கு நாள் முன்பு, என் மகள் தன் தோழிக்கான கிறிஸ்துமஸ் பரிசை ஒரு ரவிக்கைத் துணியில் கட்டிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தாள். கிளிப்பச்சைத் துணி, ஓரத்தில் மெல்லிய சரிகை. அவள் அம்மாவின் அலமாரியிலிருந்து எடுத்தது. நான்கு முனையையும் சேர்த்து மேலே ஒரு முடிச்சு. ஊரில் கட்டுச்சோற்று மூட்டை இப்படித்தான் இருக்கும்.

“கடையில் நல்ல கிஃப்ட் பேப்பர் வாங்கிட்டு வரட்டுமா?” என்றேன்.

“வேணாம்பா. அந்தப் பளபளா பேப்பரையெல்லாம் மஞ்சள் மூடித் தொட்டியில போட முடியாது. கையில கசக்கிப் பாருங்க. திரும்ப விரிஞ்சுதுன்னா அதுல பிளாஸ்டிக் இருக்கு.”

“அதுக்கில்லம்மா. அவங்க வீட்ல என்ன நினைப்பாங்க?”

“என்ன நினைப்பாங்க?” என்று உண்மையாகவே கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. சிட்னியில் பதினெட்டு ஆண்டு வாழ்ந்து, குடியுரிமையும் வீட்டுக் கடனும் பெற்ற பிறகு, ஒரு துண்டுத் துணி என்னை ஏன் கூச வைக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு குசேலர் நினைவுக்கு வந்தார். மனைவி அங்கே இங்கே கேட்டு வாங்கிய அவலைக் கந்தைத் துணியில் முடிந்து கொடுக்கிறாள். துவாரகையின் மாளிகையைப் பார்த்ததும் அவருக்கு அந்த முடிச்சை வெளியே எடுக்கக் கை வரவில்லை. கண்ணன்தான் பிடுங்கி எடுத்துத் தின்கிறான். பாட்டி சொல்லக் கேட்ட நாள் முதல் அதை நட்பின் கதையாகவே வைத்திருந்தேன். பரிசைப் பொதிவது பற்றிய கதையாகவும் அது இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது குசேலருக்கு அந்தக் கந்தை போதுமானதாகவே இருந்தது. மாளிகைக்குள் வந்து சுற்றிலும் பார்த்த பிறகுதான் அது கந்தையாகத் தெரிந்தது.

பரிசுத் தாளை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. நம் வழக்கத்தில் சீர்வரிசை மூடப்படுவதில்லை. தாம்பாளங்களில் பரப்பி, ஊர் பார்க்க எடுத்து வருகிறோம். இருபத்தொரு தட்டா ஐம்பத்தொரு தட்டா என்று தெருவே எண்ணும். குறைந்த தட்டோடு வந்த தாய்மாமனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வெளிப்படைத்தன்மையின் கொடூரம் தெரியும். மொய்ப்பணத்தை உறையில் போட்டாலும், மொய் நோட்டு அதை அப்போதே திறந்து பெயரோடு எழுதிக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தடியில் பத்து டாலர் பரிசும் நூறு டாலர் பரிசும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கொடுப்பவரின் மானத்தை அந்தத் தாள் கொஞ்ச நேரமாவது காக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வேலையைத் துணியும் செய்யும்.

இன்று நாம் காணும் அச்சிட்ட பரிசுத் தாளுக்கு வயதும் அதிகமில்லை. 1917இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், பின்னாளில் ஹால்மார்க் என்று பெயர் பெற்ற ஹால் சகோதரர்களின் கடையில், கிறிஸ்துமஸ் சமயத்தில் மெல்லிய டிஷ்யூ தாள் தீர்ந்துபோனது. அஞ்சல் உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்காக வந்திருந்த அலங்காரத் தாளைத் தாள் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். அது விற்றுத் தீர்ந்தது. அன்று கையிருப்பு தீர்ந்ததற்குச் செய்த ஏற்பாடு இன்று மரபாகிவிட்டது.

ஆகவே துணிதான் அறம், தாள் பாவம் என்று முடித்துவிடலாமா? கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்குக் குறைவான காரணமாக ஒரு பருத்திப் பை ஆக வேண்டுமானால், அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று கண்டார்கள். 2018இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை காலநிலையை மட்டும் வைத்து 52 முறை என்றது. ஓசோன் படலம் உட்பட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், மின்சாரம் வேண்டும். பரிசு கட்டுவதற்கென்றே புதிதாக ஓர் அழகான துணி வாங்கி, அது போன இடத்தில் குப்பைக்குப் போனால், கசங்கும் தாளே மேல். பழுப்புத் தாளும் நூலும் இன்னும் மேல். ஜூன் மாதத்தில் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்ட தலைமுறைக்கு மடிப்புக் கலை இன்னும் கையில் இருக்கிறது.

ஆனால் மகள் எடுத்த ரவிக்கைத் துணி புதிதாக வாங்கியதில்லை. துங்காபி, வெஸ்ட்மீட் பக்கம் கொலுவுக்குப் போய்வரும் எந்தப் பெண்ணுக்கும் அதன் வரலாறு தெரியும். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது. தைக்கப்படாமல் அடுத்த வீட்டுக்கு, அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு என்று போய், மூன்றாம் ஆண்டு முதலில் கொடுத்தவர் கைக்கே வந்து சேரும். என் மனைவி ஒருமுறை தன் துணியை ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையால் அடையாளம் கண்டுகொண்டாள். நாங்கள் சிரித்தோம். யாரும் மதிக்காத பரிசு என்று கேலி செய்தோம்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் பரிசு பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மாவோரி மக்களிடையே கொடுக்கப்பட்ட பொருளுக்குள் ‘ஹவ்’ என்றொரு உயிர்ப்பு இருப்பதாகவும், அது தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப விரும்புவதாகவும் உள்ள நம்பிக்கையைப் பேசுகிறார். நாங்கள் கேலி செய்ததற்கு நியூசிலாந்தில் ஒரு தத்துவம் இருந்திருக்கிறது. நம் வீடுகளிலும் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது, ஒரு கரண்டிச் சர்க்கரையாவது போட்டுக் கொடு என்பாள் அம்மா. ஜப்பானின் ஃபுரோஷிகி துணியும், பரிசை எடுத்துக்கொண்ட பின் கொடுத்தவரிடமே திருப்பித் தரப்படுவது வழக்கம். இங்கெல்லாம் பரிசைச் சுமந்த பொருளின் மேல் வாங்கியவருக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. கிழித்தெறியும் தாளில் அந்தப் பொறுப்பு இல்லை. அதுதான் அதன் வசதி.

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சள் பை மணமக்கள் பெயரோடு பல ஆண்டுகள் ரேஷன் கடைக்கும் சந்தைக்கும் போய்வந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்குபவன் பட்டிக்காட்டான் ஆனான். நானும் கல்லூரிக்கு முதல் நாள் போகும்போது அம்மா கொடுத்த மஞ்சள் பையை விடுதி அறையில் ஒளித்து வைத்தவன்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கமே தொடங்கியது. சட்டத்தால் பிளாஸ்டிக்கை நிறுத்தலாம். அந்தப் பையைப் பற்றி நாம் பழகிய கூச்சத்தை எந்த அரசாணை எடுக்கும்?

இனி எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய கடினமான கேள்வி. ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு சென்னைக்குப் பறந்து போய்வருகிறவன் நான். பரிசைத் துணியில் கட்டுவது அந்தக் கணக்கின் முன் தூசு. இந்தச் சின்னத் தூய்மை பெரிய தவறுகளுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு ஆகிவிடாதா?

ஆகக்கூடும். எனக்கு நடந்திருக்கிறது. ரெட்சைக்கிள் திட்டம் இருந்த நாள்களில் ரொட்டி உறை, பிஸ்கட் உறை எல்லாவற்றையும் கழுவி, காயவைத்து, சூப்பர்மார்க்கெட் வாசலில் இருந்த பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன். 2022 நவம்பரில் அந்தத் திட்டம் நின்றது. மறுசுழற்சிக்குப் போகாத ஆயிரக்கணக்கான டன் பிளாஸ்டிக் கிடங்குகளில் குவிந்திருந்தது தெரியவந்தது. அதில் நான் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பெட்டிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்காத என்னைத்தான் சொல்கிறேன். கைவிட்டுப் போனதெல்லாம் ஒழிந்தது என்று நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அதனால் நான் இப்போது எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் விதி சிறியது. ஒரு பொருளைக் கொடுக்கும்போது, அதைச் சுற்றியிருப்பது நாளை எங்கே இருக்கும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது. பதில் தெரிந்த பொருளில் கட்டுவது. விமானப் பயணம் பற்றிய கேள்வி அதனால் தீராது. ஆனால் சின்ன விஷயத்தில் கேட்கப் பழகாதவன் பெரியதில் கேட்கமாட்டான் என்று நினைக்கிறேன்.

மகளின் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பினேன். பிப்ரவரியில் அவளை அழைத்துவரத் தோழியின் வீட்டுக்குப் போனபோது, சமையலறை மேடையில் ரொட்டி மாவு பொங்க வைத்திருந்த பெரிய கிண்ணத்தை அந்தக் கிளிப்பச்சைத் துணி மூடியிருந்தது. சரிகையில் மாவு ஒட்டியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்ட தோழியின் அம்மா, “உங்களுக்குத் திரும்ப வேண்டுமா? துவைத்துத் தருகிறேன்” என்றார் பதற்றமாக.

வேண்டாம் என்றேன். கிளம்பும்போது அந்த மாவில் சுட்ட ரொட்டியில் பாதியை ஒரு டப்பாவில் போட்டுத் தந்தார். அந்த டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. என்ன போட்டுத் திருப்பித் தருவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.