அரை விநாடியின் விலை

புதுத் தலைமுறைப் போர்ஷே 911 கார் 2019-ஆம் ஆண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, கரேரா என்னும் வகையின் விலை சுமார் 1,05,000 யூரோ. கரேரா எஸ் என்னும் வகையின் விலை சுமார் 1,20,000 யூரோ. முன்னதன் ஆற்றல் 385 குதிரைத்திறன். பின்னதன் ஆற்றல் 450. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முன்னதற்கு 4.2 விநாடி வேண்டும், பின்னதற்கு 3.7. இந்த அரை விநாடிக்கு 15,000 யூரோ தகுமா?

பொருள்களை இன்றியமையாதவை, தேவையானவை, அழகு சேர்ப்பவை என மூன்றாக வகுத்துப் பார்ப்பது நாம் கற்ற முறை. ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாம் வகையைச் சார்ந்தது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அதனை இழித்துரைக்க நாம் துணியோம். நேரிய வழியில் ஈட்டியவர் அழகை நாடுவது குற்றமன்று. ஆயினும், அழகுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. வாங்கியதைத் துய்க்கிறோமா என்பதே அது.

இரு கார்களும் மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் ஓட வல்லவை. ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் வேகவரம்பற்ற பகுதிகள் உண்டெனினும், அங்கும் 1978 முதல் பரிந்துரைக்கப்படும் வேகம் 130 கிலோமீட்டர்தான். ஆகவே, சாலையில் கரேராவின் ஆற்றலே மிஞ்சிக் கிடக்கிறது. மிச்சத்தின்மேல் மிச்சத்தை விலைகொடுத்து வாங்குவானேன்? நூர்பர்க்ரிங் போன்ற பந்தயத் தடங்களில் அடிக்கடி ஓட்டுபவருக்கு விடை வேறு. அவர் அவ்வாற்றலைத் துய்க்கிறார். அவர் கொடுத்த பொருள் வீணன்று.

ஏனையோர் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: காரின் பின்புறத்தில் உள்ள அந்த 'எஸ்' எழுத்தை எடுத்துவிட்டால், அப்போதும் அத்தொகையை மனமுவந்து கொடுப்போமா? கொடுப்போம் எனில் தாராளமாக வாங்கலாம். நெஞ்சு தயங்குமாயின், நாம் விலைபேசியது பிறருடைய பார்வையை என்று அறிக. எவ்வளவு கொடுத்தாலும் அது நம் உடைமையாவதில்லை.